யோ-யோ வகைகளும் அவற்றின் தெரிவும்: நிலாவெளிக் கடற்கரையை முன்வைத்து

யோ-யோ என்பது நடுவே ஓர் அச்சினால் இணைக்கப்பட்ட இரண்டு வட்டத் தட்டுகளையும் அந்த அச்சில் சுற்றப்படும் ஒரு நூலையும் மட்டுமே கொண்ட விளையாட்டுப் பொருள். ஆயினும் அந்த ஒரே பெயரில் இன்று விற்கப்படுவனவற்றுள் சில, விரலைச் சற்று மேலே சுண்டினாலே உள்ளங்கைக்குத் திரும்பிவிடுகின்றன. வேறு சில, எவ்வளவு இழுத்தாலும் நூலின் அடியிலேயே நின்று சுழலுமாறு வேண்டுமென்றே செய்யப்பட்டவை. பொதியின் மேல் இந்த வேறுபாடு தெளிவாக எழுதப்படாத காரணத்தால், பளபளப்பையும் விலையையும் பார்த்து இரண்டாவது வகையை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும், அது மேலே வராததால் பழுதான சாமான் என்று மூலையில் எறிந்துவிடும் பிள்ளையும் எந்த ஊரிலும் உண்டு. யோ-யோ தெரிவில் நேரும் தவறுகளுள் மிகப் பெரியதும் மிக எளிதில் தவிர்க்கக்கூடியதும் இதுவே.

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில், புறாத்தீவுக்குப் படகேறும் கரையாகப் பலராலும் அறியப்பட்ட நிலாவெளியில் இந்தத் தெரிவுக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் தரைப்பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று தூசியையும் மணலையும் அள்ளி வருகிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று மழையையும் ஈரத்தையும் கொண்டுவருகிறது. கடலின் உப்போ ஆண்டு முழுவதும் காற்றில் இருக்கிறது. யோ-யோ பற்றிய கையேடுகள் பெரும்பாலும் வறண்ட அறைகளில் விளையாடுவோரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. உருக்கு துருப்பிடிப்பதும் பருத்தி நூல் ஈரம் உறிஞ்சுவதும் அன்றாட நிகழ்வாக உள்ள கடலோர ஊருக்கு அவற்றின் பரிந்துரைகளை அப்படியே ஏற்க இயலாது. ஆகவே யோ-யோவின் வகைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அச்சையும் நூலையும் முதன்மையாகக் கொண்டு தெரிவு செய்வதே இத்தகைய ஊருக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

தமிழ்ச் சூழலில் யோ-யோவுக்கு நெருங்கிய உறவு பம்பரம். இரண்டும் கடைசல் பட்டறையில் பிறந்தவை. இரண்டுக்கும் சுழற்சியைக் கொடுப்பது நூலே. பம்பரம் நூலிலிருந்து விடுபட்ட பின்னரே சுழல, யோ-யோ நூலை விடாமலே சுழல்கிறது என்பது வேறுபாடு. ஆடாமல் அசையாமல் ஓரிடத்தில் நின்று சுழலும் பம்பரத்தைத் ‘தூங்குகிறது’ என்று சிறுவர் சொல்வர். நூலின் அடியில் நின்று சுழலும் யோ-யோவுக்கும் ஆங்கிலத்தில் அதே பொருள்படும் சொல்லே வழங்குவதால், இங்கும் அந்நிலை தூக்கம் என்றே குறிக்கப்படுகிறது. இன்றைய இளைஞர் பலர் யோ-யோ என்ற பெயரை முதலில் கேள்விப்படுவது கிரிக்கெட் வீரர்களின் உடற்தகுதிச் சோதனை வாயிலாகத்தான். 20 மீற்றர் தூரத்தைப் போவதும் வருவதுமாக ஓட வேண்டியிருப்பதால் டென்மார்க்கைச் சேர்ந்த உடற்றொழிலியலாளர் ஜென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய அந்தச் சோதனைக்கு இந்த விளையாட்டுப் பொருளின் பெயர் ஒட்டிக்கொண்டது.

பொருளின் பழமை பெரிது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததும் இன்று பெர்லினில் உள்ளதுமான கிரேக்கக் கிண்ணம் ஒன்றில், நூலில் தொங்கும் தட்டோடு விளையாடும் சிறுவன் தீட்டப்பட்டிருக்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் இது பெரியவர்களின் நாகரிகப் பொழுதுபோக்காக இருந்தது. 1866இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தவர் இருவர் இதன் திருத்திய வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றனர். பிலிப்பைன்ஸ் வேடர்கள் மரத்தின் மேலிருந்து எறிந்த ஆயுதமே யோ-யோ ஆயிற்று என்று அடிக்கடி எழுதப்படும் கதைக்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. விற்பனைக்கு உதவிய கதை என்றே அதைக் கொள்ள வேண்டும். பிலிப்பைன்சின் உண்மையான கொடை வேறு. அங்கிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த பெத்ரோ புளோரஸ் 1928இல் சாந்தா பார்பராவில் தொடங்கிய சிறு தொழிலகம், நூலை அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டாமல் வளையமாக மாட்டிவிடும் தம் நாட்டு முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அத்தொழிலைப் பின்னர் வாங்கிய டொனால்ட் டங்கன் யோ-யோவை உலகெங்கும் பரப்பினார். அந்தப் பெயரைத் தம் நிறுவனத்துக்கே உரிய வணிகக் குறியாக வைத்துக்கொள்ள டங்கன் நிறுவனம் செய்த முயற்சி 1965இல் நீதிமன்றத்தில் தோற்றது. அது முதல் யார் செய்தாலும் அதன் பெயர் யோ-யோதான்.

அந்த வளையத்தைப் புரிந்துகொள்ளாமல் யோ-யோவைத் தெரிவு செய்ய முடியாது. நூல் அச்சில் முடிச்சிடப்பட்டிருந்தால், அது முழுவதும் அவிழ்ந்த கணமே தட்டு தன் சுழற்சியால் நூலை மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு மேலேறிவிடும்; கீழே தங்குவதற்கு வழியில்லை. யோ-யோ நூல் என்பதோ ஒரு நீண்ட இழை நடுவில் மடிக்கப்பட்டு, இரு புரிகளும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு உருவாவது. மடிப்பு விழுந்த நுனியை இரு விரல்களால் பற்றி, முறுக்குக்கு எதிர்த்திசையில் உருட்டினால் புரிகள் பிரிந்து ஒரு கண் திறக்கும். அந்தக் கண்ணுக்குள் தட்டை நுழைத்து அச்சில் அமர்த்திவிட்டுக் கையை எடுத்தால், நூல் தானே மீண்டும் முறுக்கேறி அச்சைத் தளர்வாகத் தழுவிக்கொள்கிறது. இப்போது நூல் அவிழ்ந்து முடிந்ததும் அச்சு அந்தக் கண்ணுக்குள் வழுக்கிச் சுழல்கிறது. அதுவே தூக்கம். விரலைச் சுண்டினால் நூல் ஒரு கணம் தளர்ந்து, சுழலும் தட்டின் உட்பக்கத்தைத் தொட்டுப் பிடிபட்டு, அச்சில் சுற்றத் தொடங்குகிறது. அதுவே திரும்புதல். தூக்கத்துக்கு நூல் இறுகி நிற்க வேண்டும், இறுக்குவது புவியீர்ப்பு. 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடத்தில் எடுத்துச் செல்லப்பட்ட யோ-யோ, எறிந்ததும் நூல்நுனியை எட்டி உடனே திரும்பியதேயன்றித் தூங்க மறுத்ததற்கு அதுவே காரணம்.

வகைப்பாட்டில் முதலில் நிற்பது அச்சு. தட்டுகளோடு சேர்ந்தே சுழலும்படி அசையாமல் பொருத்தப்பட்ட மர அச்சோ உலோக அச்சோ கொண்டது நிலையச்சு யோ-யோ. நூலுக்கும் அச்சுக்கும் இடையிலான உராய்வு நேரடியாகவே இருப்பதால் இது நன்றாக எறிந்தாலும் பத்து இருபது விநாடிக்கு மேல் தூங்குவதரிது. அந்தச் சில விநாடிக்குள் வித்தையை முடிக்க வேண்டியிருப்பதால் கை விரைவாகப் பழகுகிறது என்பது அதன் நன்மை. 1932இல் இலண்டனில் நடந்த உலகப் போட்டியில் ஹார்வி லோ என்ற 13 வயதுக் கனேடியச் சிறுவன் வென்றபோது, கீழே விளக்கப்படும் குண்டுப் போதிகை கொண்ட யோ-யோ எதுவும் சந்தையில் இல்லை. அக்கால வித்தைகள் அனைத்தும் நிலையச்சில் நிகழ்ந்தவையே. அடுத்த வகையில், அச்சின் மேல் தனியே சுழலும் வழுவழுப்பான பிளாஸ்டிக் உறையொன்று மாட்டப்பட்டிருக்கும். நூல் அச்சைத் தொடாமல் உறையையே தொடுவதால் உராய்வு குறைகிறது. யோமெகா நிறுவனத்தின் ‘ஃபயர்போல்’ இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு.

அதே நிறுவனம் 1980களில் புகழாக்கிய ‘பிரெய்ன்’ யோ-யோவில் தானாகவே திரும்பிவரும் பொறி உள்ளது. தட்டுக்குள் சுருள்வில்லால் அழுத்தப்பட்ட சிறு எடைகள், வேகமாகச் சுழலும்போது வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு அச்சை விடுவிக்கின்றன. வேகம் குறைந்ததும் வில் அவற்றை உள்ளே தள்ள, பிடி இறுகி, எவரும் சுண்டாமலே யோ-யோ மேலே வந்துவிடுகிறது. முதல் நாளிலேயே பிள்ளைக்கு மகிழ்ச்சி தரும் பொருள் இது. எனினும், எப்போது திரும்ப வேண்டும் என்பதைக் கைக்குப் பதிலாகப் பொறியே தீர்மானிப்பதால் கற்றல் அங்கேயே நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த உருக்கு வில் உப்புக்காற்றில் நெடுநாள் நிலைப்பதும் கடினம்.

இறுதி வகை குண்டுப் போதிகை கொண்டது. பட்டறைக்காரர் போல் பெயாரிங் என்று சொல்வது இதைத்தான். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே சிறு குண்டுகள் உருள்வதால், அச்சும் தட்டும் சுழன்றுகொண்டிருக்க, நூல் தொடும் வெளிவளையம் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் பல்வைத்தியர் டொம் குன் 1990இல் வெளியிட்ட அலுமினிய யோ-யோ இந்த முறையை நிலைநாட்டியது. இன்று பெரும்பாலான உற்பத்தியாளர் ‘சி’ அளவு எனப்படும் ஒரே அளவைப் பின்பற்றுகின்றனர்: உள்விட்டம் 6.35 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 12.7 மில்லிமீற்றர், அகலம் 4.76 மில்லிமீற்றர். வாங்குவோர் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. எந்த நிறுவனத்தின் யோ-யோவுக்கும் மாற்றுப் போதிகை கிடைக்க இவை வழிசெய்யும்.

போதிகை வந்த பின்னரே கட்டுரையின் தொடக்கத்தில் சுட்டிய பிளவு தோன்றியது. சுண்டினால் திரும்பும் யோ-யோவில் இரு தட்டுகளுக்கும் இடையிலான வெளி குறுகியது. நூலைப் பற்றுவதற்கென்று உட்பக்கத்தில் வரிகளோ இறப்பர் வளையமோ சொரசொரப்பான ஒட்டோ இருக்கும். தூக்கத்தின்போது நூலைப் பலவாறு மடித்துத் தட்டின் இடைவெளிக்குள் விழுத்தும் வித்தைகள் பெருகியபோது, தவறுதலாக நூல் பிடிபட்டு யோ-யோ நடுவிலேயே திரும்பிவிடுவது தொல்லையாயிற்று. அதனால் இடைவெளியை அகலமாக்கி, பற்றும் சொரசொரப்பை மெல்லிய சிலிக்கன் பட்டையாகப் பள்ளத்துக்குள் அடக்கி, சுண்டினால் திரும்பாத யோ-யோவைச் செய்தனர். அதைத் திருப்புவதற்கு ஒரு தனி அசைவு தேவை. யோ-யோ கீழே சுழன்றுகொண்டிருக்கும்போது, மற்றக் கையின் விரலால் நூலை அதன் அருகே மடித்து, அந்த மடிப்பை இடைவெளிக்குள் ஊட்ட வேண்டும். இரட்டிப்பான நூல் உள்ளே நெருக்குண்டு இரு சுவர்களையும் ஒரே நேரத்தில் பிடிக்க, யோ-யோ சட்டென்று மேலேறுகிறது. நேராக எறியத் தெரியாதவருக்கு இந்த அசைவு வசப்படாது. தட்டு சாய்ந்தவுடன் நூல் சுவரில் உரசிச் சுழற்சி அடங்கிவிடும். எனவே சுண்டினால் திரும்பும் வகையில் சில மாதமாவது பழகியவருக்கே இது உரியது.

வடிவத்தைப் பொறுத்தவரை மூன்று போதும். நடுவில் குறுகிய இடைவெளியோடு விளிம்பு உருண்டிருப்பது டங்கனின் ‘இம்பீரியல்’ வடிவம். தட்டுகளைப் புறம் மாற்றி வைத்தாற்போல் வெளிநோக்கி விரிவது 1958இல் வந்த ‘பட்டர்ஃபிளை’, அதாவது வண்ணத்துப்பூச்சி வடிவம். இரண்டுக்கும் இடைப்பட்டது மூன்றாவது. முன்னே எறிந்து வட்டமடித்துத் திரும்பத் திரும்ப எறியும் சுற்று வித்தைக்கு முதலாவதும் மூன்றாவதும், நூலின் மேல் யோ-யோவை அமர்த்தும் வித்தைக்கு இரண்டாவதும் ஏற்றவை. வண்ணத்துப்பூச்சி வடிவின் விரிந்த வாய் தவறும் நூலையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் கற்பவருக்கு அதுவே வசதியானது.

எடையைவிட எடை எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். ஒரே விட்டமும் ஒரே எடையும் கொண்ட ஒரு முழுத் தட்டையும் ஒரு மெல்லிய வளையத்தையும் ஒப்பிட்டால், வளையத்தின் சடத்துவத் திருப்பம், அதாவது சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, இருமடங்காகும். போட்டிக்குரிய அலுமினிய யோ-யோக்கள் விளிம்பில் பொருளைக் குவித்து, 65 கிராம் அளவிலான எடையிலேயே சில நிமிடங்கள் தூங்குவது இதனால்தான். பிளாஸ்டிக்கில் இதை ஓரளவே செய்யலாம். மரத்தில் செய்ய இயலாது. மரம் என்றதும் திருகோணமலைக்குரிய ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயர் காலத்து மர வணிகத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர்பெற்றதும் தமிழில் சாவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படுவதுமான மரம் இங்கிருந்து சென்னைக்கு ஏற்றுமதியாகி, அலையை எதிர்த்துச் செல்லும் மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டது. கனமும் உறுதியும் வளைந்துகொடுக்கும் தன்மையும் உள்ள அத்தகைய மரம் கடைசலுக்கு வரக்கூடியதே. ஆனால் மர யோ-யோவில் இரு பாதிகளின் எடையும் துல்லியமாக ஒத்திருக்க வேண்டும். ஒரு பாதியில் வைரம் ஏறி மறுபாதியில் வெளுறு விழுந்திருந்தால் அது அதிர்ந்துகொண்டே சுழலும். மாரி காலத்தில் மரம் ஈரமேறிப் பருத்து இடைவெளியைக் குறுக்குவதும் உண்டு. கண்ணுக்கு அழகான மர யோ-யோ நிலாவெளியில் ஆண்டின் பாதிக்குத்தான் முழுமையாகப் பயன்படும்.

போட்டி உலகம் விளையாட்டு முறையை ஐந்தாகப் பிரித்து எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கிறது. 1ஏ என்பது ஒரு யோ-யோவும் நீண்ட தூக்கமும்; 2ஏ இரு கைகளிலும் சுற்று வித்தை; 3ஏ இரு கைகளிலும் நூல் வித்தை. 4ஏயில் நூல் யோ-யோவோடு இணைக்கப்பட்டிருப்பதே இல்லை. சுற்றி எறிந்து காற்றில் விட்டு, நூலில் ஏந்திப் பிடிக்க வேண்டும் என்பதால், சுழலும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் ஏந்திப் பழகிய சிறுவருக்கு இது புதிதாகத் தோன்றாது. 5ஏயில் நூலின் மறுநுனி விரலை விட்டுப் பிரிந்து ஒரு சிறு எதிர்எடையில் கட்டப்பட்டிருக்கும். தொடக்கத்தில் 1ஏ தவிர வேறெதற்கும் செலவிட வேண்டியதில்லை.

இனி, இந்த ஊருக்கு மிக வேண்டிய பகுதி நூல். நிலையச்சுக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் பருத்தி நூலே உகந்தது. பொலியெஸ்டர் நூல் உராய்வின் சூட்டில் உருகி அறுந்துவிடும். போதிகை உள்ளவற்றில் அந்தச் சூடு எழாததால் பொலியெஸ்டரே மேலானது. ஈரத்தை அது அதிகம் உறிஞ்சுவதில்லை என்பது கடலோரத்தில் மேலதிக நன்மை. மீன்பிடி ஊர் என்பதால் அறுந்த நூலுக்குப் பதிலாகத் தங்கூசியை எடுத்துக் கட்டும் எண்ணம் எவருக்கும் எழலாம். அதைத் தடுக்க வேண்டும். தங்கூசி ஒற்றை இழையாலானது, புரி பிரிந்து கண் திறக்காது. முடிச்சுப் போட்டால் தூக்கம் போய்விடும். வேகமாக எறிந்த யோ-யோவின் இழுப்பில் விரலை அறுக்கவும் செய்யும். நூலின் நீளத்துக்கு அளவுகோல் தேவையில்லை. யோ-யோவைத் தரையில் நிறுத்தி, நூலை நேரே மேலே பிடித்து, தொப்புள் உயரத்துக்குச் சற்று மேலே வெட்டி, சுருக்குக் கண்ணிட்டு, நடுவிரலின் முதலாம் இரண்டாம் மூட்டுகளுக்கு இடையே மாட்ட வேண்டும். பெரியவருக்கென்று வெட்டிய நூலோடு பத்து வயதுப் பிள்ளை விளையாடினால் யோ-யோ சீமெந்துத் தரையில் மோதும். அலுமினியமாயின் விளிம்பில் விழும் கூரிய வடு நூலையும் கையையும் கீறும்.

போதிகையின் பகை உப்பும் மணலும். சாதாரண உருக்குப் போதிகை துருவேறத் தொடங்கினால், சுண்டினால் திரும்பாத யோ-யோ எதிர்பாராத நேரத்தில் திரும்பி முகத்தில் அடிக்கவும் கூடும். இது வெறும் பராமரிப்புக் குறை மட்டுமன்று, ஆபத்தும்கூட. துருவேறா உருக்கு என்று குறிக்கப்பட்ட போதிகை சற்று விலை கூடினாலும் இங்கே அதுவே சிக்கனம். தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி போதும். மிகுந்தால் எண்ணெயின் பிசுபிசுப்பே நூலோடு சேர்த்துப் போதிகையைப் பிடித்துக்கொள்ளும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பைக்கற்றோடு மூடியுள்ள தகரப் பேணியில் வைப்பதும், கடற்கரை மணலில் நின்று விளையாடாமல் முற்றத்தில் விளையாடுவதும் போதிய காப்பு.

கோயில் திருவிழாக்களில் கச்சான் கடைகளோடு வரிசையாக நிற்கும் விளையாட்டுச் சாமான் கடைகளில், நீண்டு சுருங்கும் இறப்பர் நாரில் தொங்கும் திரவம் நிறைந்த பந்தும் சிலவேளை யோ-யோ என்றே விற்கப்படுகிறது. அதில் அச்சோ தூக்கமோ கிடையாது. நார் கழுத்தில் சுற்றி இறுகும் ஆபத்தைக் காரணம் காட்டி 2003இல் பிரித்தானியாவும் கனடாவும் அத்தகைய பந்துகளைத் தடைசெய்தன. சிறு பிள்ளைக்கு அதை யோ-யோவின் முதற்படியாகக் கருதி வாங்கிக் கொடுப்பது தவறு.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது, நிலாவெளியில் புதிதாகத் தொடங்குபவருக்கு உகந்தது பிளாஸ்டிக்கால் ஆனதும் வண்ணத்துப்பூச்சி வடிவினதும் சுண்டினால் திரும்புவதுமான யோ-யோவே. முதலில் ஒடுங்கிய போதிகையோடு விற்கப்பட்டு, பின்னர் அகன்றதை மாட்டியதும் சுண்டினால் திரும்பாத வகையாக மாறிவிடும் ‘யோயோஃபெக்டரி’ நிறுவனத்தின் ‘ஒன்’ போன்றவை கிடைத்தால் இரண்டாவது யோ-யோ வாங்கும் செலவும் மிஞ்சும். அலுமினியம் அடுத்த ஆண்டுக்குரியது. வாங்குவோர் கடையிலேயே பொதியைப் பிரித்து, நூலை மாட்டி, ஒருமுறை எறிந்து, சுண்டிப் பார்க்கக் கேட்கட்டும். திரும்பி வந்தால் மட்டும் பணத்தைக் கொடுத்து, கூடவே பத்து உதிரி நூலும் வாங்கிக்கொள்ளட்டும்.